மாவு முட்டை

ஊசிமலைத் தோட்டத்தில் கொக்கோக் காய்க்குள் புழு விழுந்தது எண்பத்தாறாம் வருஷம், அடைமழை முடிந்த கையோடு. காய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் முந்தியே மஞ்சள் தட்டியிருக்கும், அவ்வளவுதான். கத்தியால் பிளந்தால் உள்ளே கொட்டையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, கல்லு மாதிரிக் கிடக்கும். காய் பிளக்கும் பெண்கள் கத்தி முனையால் ஒருமுறை நெம்பிப் பார்த்துவிட்டு அப்படியே குழிக்குள் எறிவார்கள். நூறு காய் பிளந்தால் நாற்பது குழிக்குப் போனது.

தோட்டத்து மானேஜரான தொரைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாதம் ஒரு தடவை அடித்த புழுமருந்தைப் பத்து நாளைக்கு ஒரு தடவை அடிக்கச் சொன்னார். அதுபோக லாலாங் புல்லுக்கு அடிக்கும் களைமருந்து வழக்கம்போல் இருந்தது. இரண்டையும் முதுகில் சுமந்தவர்கள் முப்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி அகத்தா.

அகத்தாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினோரு வருஷமாகப் பம்பு தூக்கியவள். வலது கையில் மூன்று விரலுக்கு நகம் கிடையாது. முளைக்கும், மஞ்சளாகும், உள்ளே ஈரமாகி விழும். மருந்து நாட்களில் சாயங்காலம் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகும். துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் மல்லாக்கப் படுத்துவிட்டு எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள். அவளுக்கு ஜோடியாக நிரையில் நடந்த பிச்சையம்மாளுக்கு ஒருநாள் பம்புக் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து முகத்தில் அடித்தது. இடது கண்ணில் வெள்ளை விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து, ஒற்றைக் கண்ணோடு அவளும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிரையில் நின்றாள்.

தூக்காமல் என்ன செய்வது? கம்பெனி கட்டிய லயத்து வீடு வேலைக்காரர்களுக்குத்தான். வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் இருக்கவேண்டும். பெயரை எடுத்துவிட்டால் மூன்று மாதத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். அகத்தாவின் புருஷன் ஜெரார்ட் பெயரை எடுத்து ஆறு வருஷம். ரப்பர்ப்பால் வற்றிய கிழட்டுக் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுக் கொக்கோ நட்ட சமயத்தில், ஒரு மரம் சாயவேண்டிய பக்கம் சாயாமல் இவன் பக்கம் சாய்ந்தது. இடுப்பு எலும்பு மூன்றாக முறிந்தது. அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து, இரண்டு கோலோடு வீடு திரும்பினான். அன்றிலிருந்து அடுப்படி அவனுடையது. தாழ்வான பலகையில் உட்கார்ந்து நெத்திலியைத் தலை கிள்ளுவான், சம்பல் அரைப்பான், மரவள்ளிக் கிழங்கு அவிப்பான். அவர்களுடைய ஒரே மகள் கேதரின் சுங்கைப்பட்டாணியில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். அங்கே ஆறு பெண்கள் சேர்ந்து ஒரே அறையில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை, ஃபாதர் வந்து பூசை வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வருவாள்.

வால்டர் என்கிற ஆராய்ச்சி ஆபீசர் தோட்டத்துக்கு வந்தது எண்பத்தேழு பிப்ரவரியில். கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பினாங்குப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவன். பேசும்போது பாதி ஆங்கிலம் வரும், பிறகு அவனே நிறுத்தித் தமிழில் தேடுவான். பழைய ரப்பர்ப்பால் கொட்டாயைச் சுத்தம் பண்ணி, ஜன்னலெல்லாம் வலையும் துணியும் அடித்து, எறும்பு ஏறாதபடி மேசைக் கால்களை மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிறுத்தினான். தொரை அவனுக்கு ஆறு பெண்களைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். வேலை வாங்கும் மண்டோர் பரஞ்சோதி மருந்துக் கும்பலை வரிசையாக நிறுத்தினார். வால்டர் ஒவ்வொருத்தியிடமும் ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோர்க்கச் சொன்னான். மருந்து வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கும். அகத்தாவுக்கு நடுங்கவில்லை, நகமில்லாத விரல்களாலேயே முதல் தடவையில் கோர்த்தாள். அப்படித்தான் அவள் பம்பை இறக்கி வைத்தாள்.

வேலை என்ன என்று தெரிந்தபோது பெண்கள் சிரித்தார்கள், கொட்டாய்க்குப் பூச்சி வீடு என்று பெயரும் வைத்தார்கள். அரிசிப் பானையில் விழும் அந்துப்பூச்சியை வளர்க்க வேண்டுமாம். தட்டுத் தட்டாகக் குருணையும் தவிடும் கொட்டி, அதில் அந்துப் புழுவை விட்டு, பூச்சியாகி மேலே வந்ததும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாகப் பிடித்து வலைக்கூண்டில் போட வேண்டும். அது முட்டை போடும். ரவையை விடப் பொடி முட்டை. அந்த முட்டைகளைச் சலித்து, இறக்கைப் பொடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, காகிதத்தில் கோந்து தடவி ஒட்ட வேண்டும். பிறகு அந்தக் காகிதத்தை இன்னொரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்தால், அங்கே இருக்கும் குளவி அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். குளவி என்றால் புள்ளி. மூச்சு விட்டால் பறந்துவிடும். நாலு நாளில் அந்து முட்டை கறுத்துப் போகும். கறுத்தால், உள்ளே அந்து செத்துக் குளவி வளர்கிறது என்று அர்த்தம்.

"இந்தக் குளவியைக் கொக்கோ மரத்துல விட்டா, காய்மேல புழுப்பூச்சி போடுற முட்டையைத் தேடிப் போய் அதுக்குள்ளயும் இதே வேலையைச் செய்யும்," என்றான் வால்டர். "புழு பொரிக்கவே பொரிக்காது. மருந்தே வேணாம்."

அதை மரத்துக்குக் கொண்டு போவதில்தான் அவன் மூளையைச் செலவழித்திருந்தான். காகிதத்தை அப்படியே கட்டினால் எறும்பு தின்றுவிடும், மழை அடித்துவிடும். பிளாஸ்டிக் குப்பியில் வைத்தால் ஆயிரக்கணக்கான குப்பியை யார் திரும்பப் பொறுக்குவது? அதனால் மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, ஊறவைத்த பழைய பேப்பரோடு பிசைந்து, சுங்கைப்பட்டாணி பாசாரில் வாங்கிய பஹுலு பலகார அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்தான். இரண்டு பாதியையும் பசை வைத்து ஒட்டினால் கோழிமுட்டையில் பாதி அளவுக்கு ஒரு கூடு. உள்ளே கறுத்த முட்டைகள். பக்கவாட்டில் ஊசித்துளை, குளவி வெளியே வரலாம், எறும்பு உள்ளே போக முடியாது. பத்துப் பதினைந்து நாள் மரத்தில் தொங்கும். அதற்குள் குளவி வெளியேறிவிடும். பிறகு மழையில் ஊறி, நெகிழ்ந்து, மண்ணில் விழுந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். அவன் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னான். பெண்கள் மாவு முட்டை என்றார்கள். கடைசியில் அவனே மாவு முட்டை என்று சொல்ல ஆரம்பித்தான்.

பன்னிரண்டாம் பிளாக்கில் மட்டும் சோதனை. செப்டம்பர் மாதம் காய் பிளந்து எண்ணுவது என்றும், புழு குறைந்திருந்தால் தோட்டம் முழுக்கக் கொக்கோவுக்குப் புழுமருந்தை நிறுத்துவது என்றும் தலைமை ஆபீஸ் சொல்லியிருந்தது. அந்தச் செய்தி லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கும்பல் பெண்கள் குழாயடியில் அகத்தாவைப் பார்த்தால் முதலில் கேட்பது இன்றைக்கு எத்தனை முட்டை என்றுதான்.

முதல் மூன்று மாதம் அகத்தாவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. நிழலில் வேலை. உட்கார்ந்து வேலை. கூட இருந்த ரமணி என்கிற சின்னப்பெண் ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். மே மாதத்துக்குள் வலது கட்டைவிரலில் நகம் முழுசாக முளைத்துவிட்டது. அவள் அதை ஜெரார்டிடம் காட்டினாள். அவன் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மற்றவர்களைவிட அவள் கைதான் சுத்தம். முட்டைகளை அவள் சலித்தால் பொடி இல்லாமல் வரும். அதனால் குளவி நன்றாகப் பிடிக்கும். வால்டர் நாளடைவில் சலிக்கும் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டான். அந்துப்பூச்சி இறக்கையிலிருந்து உதிரும் பொடி சாம்பல் மாதிரி, சாம்பலைவிட லேசு. தூரிகையால் தட்டினால் எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு நின்று, எங்கே போனது என்று தெரியாமல் போய்விடும். காற்றாடி வைக்க முடியாது, முட்டை பறந்துவிடும். ஜன்னலைத் திறக்க முடியாது, பூச்சி பறந்துவிடும். தலையில், புருவத்தில், சட்டைக் கழுத்தில் அந்தப் பொடி படியும். முதலில் தும்மல் வந்தது. பிறகு கண் அரித்தது. ஜூன் மாதம் லயத்து மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று வேலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாராவது பார்த்தால் செருப்பில் கல் ஏறிவிட்டது என்பாள்.

ஒரு மத்தியானம், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அவள் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். ஜெரார்ட் பலகையில் உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தா, உன் நெஞ்சுக்குள்ள என்னா சத்தம்?"

"என்னா சத்தம்?"

"பூனைக்குட்டி கத்துற மாதிரி. நேத்தும் கேட்டுச்சு. பின்னாடி கோழிதான் கொணகொணங்குதுன்னு நெனச்சேன்."

"சளி."

"ஒன்றரை மாசமா ஒரே சளியா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் விடவில்லை.

"ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட போய்க் காட்டுலா. ஊசி போட்டாச் சரியாயிடும்."

"ஊசி மட்டுமா போடுவாரு? புக்குல எழுதுவாரு. பூச்சி வீடு இவளுக்கு ஒத்துக்கலன்னு எழுதுவாரு. எழுதுனா மறுநாள் எங்க நிக்கணும்? மண்டோர் முன்னாடி. பம்பு நிரையில."

"வேற வேலையே இல்லையா இந்தத் தோட்டத்துல?"

"காய் பிளக்கிறதெல்லாம் இப்ப குத்தகைக்காரன் ஆளுங்க. செக்ரோல்ல பேரு இருக்கணும்னா எனக்கு ரெண்டுதான். பம்பு, இல்லாட்டி அந்து."

ஜெரார்ட் கொஞ்ச நேரம் வெங்காயத்தை உரித்தான். பிறகு, குரலை உயர்த்தாமல், வெங்காயத்திடம் சொல்வதுபோல் சொன்னான்:

"அந்த மரம் இன்னும் ஒரு அடி இந்தப் பக்கம் விழுந்திருக்கணும். நீயும் புள்ளையும் எங்கயாச்சும் போயிருப்பீங்க."

"வெங்காயத்த உரிங்க," என்றாள் அகத்தா. எழுந்து உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை முட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து அவன் அவள் படுத்திருக்கும்போது ரேடியோவைப் போடுவதை நிறுத்திவிட்டான். மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது அவளுக்கு இருமலைவிடப் பெரிய பாரமாக இருந்தது. அவன் கேட்காதபடி இரும வேண்டும் என்று குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமினாள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மழை வரப்போகிற மாதிரி இறுக்கமாக இருந்தது. பூச்சி வீட்டுக்குள் காற்றே இல்லை. சலித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சல்லடையை மேசையில் வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுக்கவில்லை. ரமணி திரும்பிப் பார்த்தபோது, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. ரமணி ஓடிப் போய் வால்டரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். ரமணி பின்னால் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் வால்டரின் மோட்டார்சைக்கிளிலேயே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டிரெசர் சின்னையா வயதான மனிதர், பேச்சுக் குறைவு. ஊசி போட்டார். அரைமணி நேரத்தில் மூச்சு கொஞ்சம் இறங்கியது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எத்தனை நாளாக என்று கேட்டார், அவள் இரண்டு நாள் என்றாள். அவர் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே இருந்தது. புத்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தார். அப்போது வால்டர் அவரைக் கொஞ்சம் வெளியே கூப்பிட்டான். திரும்பி வந்தபோது டிரெசர் இரண்டு பேரையும் பார்க்காமல் ஒரு வரி எழுதினார். சளி, இருமல் என்று எழுதியிருந்ததை அகத்தா தலைகீழாகவே படித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் உண்டு. ரமணியை நடந்து போகச் சொல்லிவிட்டு, வால்டர் அங்கே நின்று அகத்தாவிடம் பேசினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அக்கா, நான் ஒன்னு கேக்கப் போறேன். கேக்கக் கூடாததுதான்."

அவள் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"செப்டம்பர்வரைக்கும் இது வெளிய தெரிய வேணாம். தலைமை ஆபீஸ்ல மருந்துதான் சரின்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. இந்தப் பூச்சியால ஒரு ஆளுக்கு மூச்சு நின்னுச்சுன்னு ஒரு வரி போனாப் போதும். மூடிருவாங்க. அப்புறம் முப்பது பேரும் திரும்பப் பத்து நாளைக்கு ஒரு தடவை..."

"தெரியும் சார்."

"ரெண்டு மாசம்தான். நான் மாஸ்க் வாங்கித் தரேன். மருந்து வாங்கித் தரேன்."

"நீங்க சொல்லித்தான் நான் மறைக்கணும்னு இல்ல," என்றாள் அகத்தா. இன்னும் வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "நானே மறைச்சிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா நானா மறைச்சப்ப அது என்னோட சங்கதி சார். இப்ப நீங்க கேட்டுட்டீங்க. இனிமே அது உங்களுக்குக் கொடுத்த வாக்கு. ரெண்டு மாசம், அவ்வளவுதான்."

வால்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கெட்டவனாக இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

அந்த வாரமே அவள் பிச்சையம்மாள் வீட்டுக்குப் போனாள். யாரிடமாவது சொல்லவில்லை என்றால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பிச்சையம்மாள் அப்போதுதான் மருந்து முடிந்து வந்து, குளித்து, ஈரத்தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கருப்புக் காப்பியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அகத்தா ஒன்றுவிடாமல் சொன்னாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுவதைக்கூடச் சொன்னாள். பிச்சையம்மாள் நல்ல கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் காப்பியைக் கீழே வைத்தாள்.

"என்னா சொல்லணும்கிற என்கிட்ட? விட்டுட்டு வந்துருன்னு சொல்லணுமா?"

"தெரியலக்கா. சொல்லணும்னு தோணுச்சு."

"நீ விட்டா அங்க முட்டை குறையும். ரமணி சொன்னா, நீ சலிச்சாத்தான் குளவி பிடிக்குதாம். முட்டை குறைஞ்சா செப்டம்பர்ல புழு குறையாது. புழு குறையலன்னா..." பிச்சையம்மாள் வெள்ளை விழுந்த கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். அதில் எப்போதும் நீர் வடியும். "எனக்கு இருக்கறது ஒன்னு அகத்தா. பத்து நாளைக்கு ஒருக்கா அதைக் கொண்டுபோய் அந்தப் புகைக்குள்ள வைக்கிறேன். நான் உன்னை வெளிய வான்னு எப்படிச் சொல்வேன்?"

அகத்தா தலையை ஆட்டினாள்.

"தங்கச்சியா நெனச்சிதான் பேசுறேன். தப்பா எடுத்துக்காத."

"இல்லக்கா."

பிச்சையம்மாள் உள்ளே போய் இன்னொரு குவளையில் காப்பி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். எழுந்து வரும்போது அகத்தாவுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இதுவரைக்கும் அவளைப் பூச்சி வீட்டில் கட்டிப் போட்டிருந்தது வீடும் செக்ரோலும்தான். இப்போது முப்பது பேருடைய கையும் கண்ணும் சேர்ந்துகொண்டன.

ஆகஸ்ட் மாதத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்பதைப் பிற்பாடு யார் கேட்டாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வால்டர் வாங்கித் தந்த மாத்திரையைப் போட்டால் கை நடுங்கியது. கை நடுங்கினால் சலிக்க முடியவில்லை. அதனால் வேலை முடிந்த பிறகுதான் போட்டாள். மாஸ்க் போட்டால் மூச்சு இன்னும் முட்டியது. ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டாள். கேதரின் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பூசையில் அம்மா பாடாமல் உதட்டை மட்டும் அசைப்பதைப் பார்த்துவிட்டாள். சுங்கைப்பட்டாணிக்கு வந்துவிடும்படி அழுதாள். எங்கே வருவது, ஆறு பெண்கள் படுக்கும் அறையில் உன் அப்பாவின் இரண்டு கோலை எங்கே சாத்துவது என்று அகத்தா கேட்டாள். கேதரின் பஸ்ஸுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் போனாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதாவின் பிறந்தநாள், காய் பிளந்து எண்ணினார்கள். தலைமை ஆபீசிலிருந்து இரண்டு காடியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டாம் பிளாக்கிலிருந்து நூறு காய், மருந்தடித்த பிளாக்கிலிருந்து நூறு காய். மருந்துக் கும்பல் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றது, பரஞ்சோதி விரட்டவில்லை. மருந்தடித்த காயில் முப்பத்திரண்டு குழிக்குப் போனது. மாவு முட்டை தொங்கிய பிளாக்கில் ஒன்பது. பிச்சையம்மாள் வேலியைத் தாண்டி வந்து அகத்தாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். அகத்தாவும் சிரித்தாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. முப்பது பேர் முதுகிலிருந்து புழுமருந்தை இறக்கியதில் தன் கையும் இருக்கிறது என்கிற நினைப்பு அவளுக்கு இனித்தது. இனி தன்னையும் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வால்டரும் உட்கார்ந்திருந்தான். பூச்சி வீட்டை இரண்டரை மடங்காக்கப் போகிறார்கள். ஆறு பேர் பதினைந்து பேராவார்கள். அகத்தாதான் அவர்களுக்குத் தலைவி. தொரை மலாயும் தமிழும் கலந்து நல்லபடியாகவே சொன்னார். அகத்தா நின்றுகொண்டே கேட்டுவிட்டு, தனக்கு அந்த அறைக்குள் மூச்சு நிற்கிறது என்று சொன்னாள். இரண்டு மாதம் வாக்குக் கொடுத்தேன், அது முடிந்துவிட்டது என்று வால்டரைப் பார்த்துச் சொன்னாள்.

தொரை வால்டரைப் பார்த்தார். வால்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "உண்மைதான். நான் ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன்," என்றான். எழுதியிருந்தான். முப்பத்தெட்டுப் பக்கத்தில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஒரு வரி.

மரத்தில் மாவு முட்டை கட்டும் வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி அகத்தா கேட்டாள். வெளிக்காற்றில் நின்று செய்கிற வேலை. அது இனிமேல் புக்கிட் செலம்பாவ் குத்தகைக்காரனுக்குப் போகிறது என்றார் தொரை. அவன் ஆளாகப் போகலாம், தடையில்லை. ஆனால் செக்ரோலில் பெயர் இருக்காது. செக்ரோல் வேலை என்றால் பூச்சி வீடு இருக்கிறது, களைமருந்து இருக்கிறது. குளவி புல்லைத் தின்னாது இல்லையா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

புழுமருந்து நின்றாலும் லாலாங் நிற்கவில்லை. அதை யாரும் அதுவரைக்கும் யோசித்திருக்கவில்லை. பூச்சி வீட்டுக்குப் போகும் பதினைந்து பேர் போக, மற்றப் பெண்கள் பம்போடுதான் இருப்பார்கள். அகத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மாத்தி மாத்திச் செஞ்சா?" என்றாள். "பதினஞ்சு நாள் பூச்சி வீடு. பதினஞ்சு நாள் பம்பு. எல்லாருமே. ஒரே ஆளு ஒரே இடத்துல கெடக்க வேணாம். சலிக்கிறத நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்."

தொரை கொஞ்சமும் யோசிக்கவில்லை. நல்ல யோசனை என்றார். உடனே பரஞ்சோதியைக் கூப்பிட்டுப் பெயர்களை எழுதச் சொன்னார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததுதான் அகத்தாவை உறுத்தியது. யாருக்கு நல்லது கேட்டோம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. வெளியே வந்ததும் வால்டர் ஏதோ சொல்ல வந்தான். "பரவால்ல சார்," என்றாள். அவன் மாத முடிவில் அடுத்த தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனான். போகும்போது பஹுலு அச்சை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் முறை வந்தபோது பிச்சையம்மாளும் இன்னும் பதினான்கு பேரும் பூச்சி வீட்டுக்குள் போனார்கள். அகத்தா இரண்டு நாள் அவர்களோடு இருந்து, தூரிகையை எப்படிப் பிடிப்பது, சல்லடையை எந்தப் பக்கம் சாய்ப்பது, துண்டை எப்படி நனைத்துக் கட்டுவது என்று காட்டினாள். தும்மல் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னாள். அவர்கள் சரி என்றார்கள். பூச்சி வீட்டுக்கு வரக் காத்திருந்தவர்கள் அவர்கள். சொல்ல மாட்டார்கள் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் பம்பைத் தூக்கிக்கொண்டு இருபதாம் பிளாக்கில் ஏறினாள். எட்டு மாதம் சுமக்காத முதுகில் வார் அறுத்தது. காலை வெயில் இதமாக இருந்தது, காற்று மலைப் பக்கமிருந்து அடித்தது. மேட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தாள், அவள் எங்கேயும் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்த ரமணியோடு பேசிக்கொண்டே ஏறியிருந்தாள். மேலே போனதும் நின்று, வேண்டுமென்றே ஒரு முறை நெஞ்சு நிறைய இழுத்தாள். அடிவரைக்கும் போனது. களைமருந்து வாடையோடுதான் போனது. இருந்தாலும் இன்னொரு முறை இழுத்தாள். பிறகு பம்பு அடிக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் வீட்டில் பாயைப் போட்டுப் படுத்தாள். ஜெரார்ட் வழக்கம்போல் பலகையில் உட்கார்ந்து, கையிலிருந்த நெத்திலியை அப்படியே வைத்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டான்.

"இன்னைக்குச் சத்தமே இல்ல," என்றான். அவன் குரலில் ஒரு சின்னப்பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. "சரியாயிடுச்சா?"

"பதினஞ்சு நாளைக்கு," என்றாள் அகத்தா.

அவன் கையை நீட்டி, அலமாரியில் இருந்த ரேடியோவைப் போட்டான். அவள் நகம் முளைத்திருந்த வலது கையைச் சேலைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.